மூன்று குழல், ஒரே துப்பாக்கி

வெர்லின் ஹாஸ்கெட் அந்த ஆகஸ்டில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். குறிசுடும் போட்டியில் தாம் மூன்று வருடமாகத் தோற்பதற்குத் தாம் காரணமே அல்ல. துப்பாக்கிதான் காரணம்.

மொன்டானா மாநிலத்து டிரை ஃபோர்க் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் கடைசியில், அந்தப் போட்டி நடக்கும். அறுநூறு கெஜம், எண்ணூறு கெஜம் தள்ளி இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். குண்டு பட்டால் தகடு 'டங்' என்று ஒலிக்கும். வெர்லின் சுடும்போது மட்டும் மொன்டானா முழுக்க அமைதி நிலவும். போன வருடம் நாற்பத்து மூன்று பேரில் அவருக்கு நாற்பத்தோராவது இடம். பின்னால் வந்த இருவரில் ஒருவர் தோளில் கட்டுப் போட்டிருந்தார். மற்றவர் பாதியிலேயே வீட்டுக்குக் கிளம்பிப் போனவர்.

ஆகவே வெர்லினுக்குக் குழல் மாற்றும் துப்பாக்கி தேவைப்பட்டது. வீட்டில் ஏற்கெனவே நாலு துப்பாக்கி இருந்தன. ஐந்தாவதை நோரீன் வாசற்படி ஏற்றமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் மஞ்சள் தாளில் நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் என்று கோடு போட்டு எழுதினார். பீன்ஸ் குழம்பும் சோளரொட்டியும் பரிமாறி முடிந்த நேரம் பார்த்து, அதை மனைவியின் தட்டருகே வைத்தார்.

நோரீன் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பின்னால் காட்டும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே எந்தப் பிள்ளை புளுகுகிறது என்று சொல்லிவிடுவாள். தாளைப் படிக்கவில்லை. கணவரைத்தான் படித்தாள்.

"கட்டை ஒண்ணு, விசை ஒண்ணு, மேலே தூரநோக்கி ஒண்ணு. குழல் மட்டும் மூணு," என்று வெர்லின் ஆரம்பித்தார். "போட்டிக்குச் சின்னக் குண்டு, மானுக்கு நடுத்தரம், எல்க்குக்குப் பெரிசு. திருகைத் தளர்த்தினா ஒண்ணு கழலும், இன்னொண்ணு ஏறும். பத்தே நிமிஷம்."

"தீமைப் பக்கத்துல என்ன எழுதியிருக்கே?"

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: திருகுசாவி தொலைந்துபோகலாம்.

"மாத்தி மாத்திப் போட்டா குறி நகராதா?"

"கொஞ்சம் நகரும். எந்தக் குழலுக்குத் தூரநோக்கியை எவ்வளவு திருப்பணும்னு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டாப் போதும்."

"நீ நோட்டுல எழுதி வைப்பே. போன வருஷம் கல்யாண நாளை எழுதி வச்சியே, அந்த நோட்டு எங்கே?"

வெர்லின் சோளரொட்டியைப் பிட்டார்.

"சரி, பெரிய குண்டோட அடிப்பாகம் தடிமனாச்சே. குழலை மட்டும் மாத்தினாப் பத்தாது. குண்டைப் பிடிச்சுத் தள்ளுற தாழ்ப்பாளோட முனையையும் சேர்த்து மாத்தணும். அதை ஏன் எழுதலே?"

இது எப்படி இவளுக்குத் தெரியும் என்று வெர்லின் திகைத்தார். தெரியாமல் என்ன? அந்த வீட்டில் ஒழுங்காகச் சுடத் தெரிந்தது நோரீனுக்கு மட்டும்தான். அவள் பீற்றிக்கொள்வதில்லை, அவ்வளவே. நாலில் ஒன்று அவளுடையது, எல்க் என்கிற ராட்சச மானை வேட்டையாடுவதற்கான கனத்த துப்பாக்கி. மற்ற மூன்றும் வெர்லினின் மூன்று தோல்விகள்.

வெர்லின் பேச்சின் வேகத்தில் இன்னும் இரண்டடி முன்னே போனார். ஒரே கட்டை தோளுக்குப் பழகிவிடும், ஒரே விசை விரலுக்குப் பழகிவிடும், அலமாரியில் இடம் மிச்சம், ஊர்விட்டு ஊர் போனாலும் ஒரே பெட்டி என்று அடுக்கினார். கடைசியாக, இந்த ஒன்று வந்துவிட்டால் வீட்டில் வேறு துப்பாக்கிக்கே வேலை இல்லை என்றார். அது சும்மா சொன்னது. பழைய நாலையும் விடுகிற எண்ணம் அவருக்குக் கனவில்கூட இல்லை.

நோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் வேலையையும் இதுவே செய்யுமா?"

"தாராளமா."

"அப்போ சரி."

முப்பத்தொரு வருட இல்லறத்தில் அவள் ஒரே தடவையில் 'சரி' சொன்னது இது இரண்டாவது முறை. முதல் முறை சர்ச்சில், பாதிரியார் முன்னிலையில். வெர்லினுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் நாலு துப்பாக்கியும் வண்டியில் ஏறியிருந்தன. துப்பாக்கிக் கடைக்காரர் டெலோஸ் நாலையும் வாங்கிக்கொண்டு, மூன்று குழலோடு புதியது ஒன்றைக் கொடுத்தார். நாலுக்கு ஒன்று நல்ல பேரம் என்று நோரீன் சொன்னாள். காலியான அலமாரியில் அன்று சாயங்காலமே காட்டுச் செர்ரி ஜாம் ஜாடிகளை வரிசையாக அடுக்கிவிட்டாள்.

செப்டம்பர் முழுக்க வெர்லின் குழல் மாற்றினார். சாப்பாட்டு மேசையில் மாற்றினார், கொட்டகையில் மாற்றினார், பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டே மாற்றினார். சுட்ட நேரத்தைவிடத் திருகிய நேரம் அதிகம். ஆனாலும் அக்டோபர் முதல் வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அறுநூறு கெஜத்தில் பத்துக்கு ஏழு முறை தகடு ஒலித்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு பசு தவிர சாட்சிக்கு யாரும் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். இந்த வருடம் முதல் பத்துக்குள் வந்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நோரீன் ஓர் அனுமதிச்சீட்டை மேசைமேல் வைத்தாள். மேற்கு மலையில் எல்க் காளை வேட்டையாட அரசாங்கம் குலுக்கலில் கொடுக்கும் சீட்டு. பதினோரு வருடமாக விண்ணப்பித்து, இந்த வருடம்தான் அவள் பெயர் விழுந்திருந்தது.

"எப்போ வந்துச்சு?"

"ஜூன்ல."

"சொல்லவே இல்லையே."

"உனக்கு விழலேன்னு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே. அப்போ எப்படிச் சொல்றது?"

வேட்டை தொடங்கும் நாளை வெர்லின் பார்த்தார். சனிக்கிழமை. பிறகு குளிர்பெட்டிமேல் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதே சனிக்கிழமை. போட்டிக்கு அவர் போட்டிருந்த சிவப்பு வட்டத்துக்குள்ளேயே அவள் பொடி எழுத்தில் 'எல்க்' என்று எழுதியிருந்தாள். பென்சில் எழுத்து மங்கிப்போயிருந்தது. கோடையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

"நோரீன், அன்னிக்குத்தான் என் போட்டி."

"தெரியும். உன் குழலை எடுத்துக்கிட்டுப் போயேன். எனக்குப் பெரிசு மட்டும் போதும். மத்த ரெண்டும் உனக்குத்தான்."

"வெறும் குழலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"ஊது."

குழல் மாற்றும் துப்பாக்கியின் ஆகப்பெரிய தீமை அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. குழல் மூன்றாக இருக்கலாம். சுடுகிறவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

ஒரு வாரம் இழுத்துப் பார்த்தார். வேட்டையை ஞாயிறன்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். எல்க்கைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அத்தோடு அவர் விட்டுவிட்டார். பதினோரு வருடமும் யார் யாருடைய சீட்டுக்கோ துணையாக அவள் மலையேறியதை அவர் பார்த்திருக்கிறார். பெரிய குழலை அவரே பூட்டிக் கொடுத்தார். நோரீன் வயல் ஓரத்தில் படுத்து மூன்று குண்டு சுட்டாள். மூன்று துளையையும் ஒரே காசால் மூடிவிடலாம். அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "பரவாயில்லே, சுடுது," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளும் அவள் தங்கை மேவிஸும் மலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். வெர்லின் டெலோஸின் கடைக்கு ஓடினார். தமது பழைய போட்டித் துப்பாக்கியை இரண்டு நாளுக்கு இரவல் கேட்டார். அதைப் போன மாதமே ஒரு பல் மருத்துவர் வாங்கிப் போய்விட்டாராம். போட்டிக்கு மதிப்பெண் எழுதத்தான் ஆள் குறைகிறது என்றார் டெலோஸ்.

அப்படியாக, சனிக்கிழமை வெர்லின் அட்டையும் பென்சிலுமாகக் குளிர்காற்றில் நின்றார். பல் மருத்துவர் சுட்டார். டங், டங், டங். அதே துப்பாக்கி. கட்டையில் வெர்லின் கதவிடுக்கில் இடித்துப் போட்ட கீறல்கூட அப்படியே இருந்தது. மருத்துவருக்கு இரண்டாம் பரிசு. பரிசோடு வெர்லினிடம் வந்து, இவ்வளவு அருமையான துப்பாக்கியை எந்த முட்டாள் விற்றானோ என்று ஆச்சரியப்பட்டார். தமக்கும் அதே ஆச்சரியம்தான் என்று சொல்லி வெர்லின் மதிப்பெண்ணைக் கூட்டினார்.

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. சனிக்கிழமை சுடாதவர்களுக்காக ஞாயிறன்று தனிச்சுற்று ஒன்று உண்டு. நோரீன் வெறுங்கையோடு சீக்கிரம் இறங்கிவிட்டால் போதும், பத்தே நிமிடத்தில் குழலை மாற்றிவிடலாம். மூன்று மணிக்கு அவர் கைப்பேசி அடித்தது. மலைமுகட்டிலிருந்து நோரீன்.

"வெர்லின், காளை விழுந்திடுச்சு. ஒரே குண்டு. ரோட்டுல இருந்து நாலு மைல் உள்ளே."

அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லது. அப்போ துப்பாக்கியோட வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எங்கே முடிஞ்சுது? மேவிஸுக்கும் சீட்டு விழுந்திருக்கு. நாளைக்கு அவ சுடணும்."

பின்னால் மேவிஸ் என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"கறியே முந்நூறு பவுண்டு தேறும், வெர்லின். உடனே கிளம்பி வா. துப்பாக்கி எங்ககிட்ட இருக்கு, முதுகுதான் குறையுது."