கம்பளி நாயின் பல்வரிசை

மனிதர்களில் இப்படியும் ஓர் இனம் உண்டு. தம் கையால் எதையாவது செய்து உங்களுக்குக் கொடுப்பார்கள், கொடுத்துவிட்டு நகரமாட்டார்கள். சாமான் உங்கள் கைக்கு வந்தாயிற்று, நீங்கள் இரண்டு தடவை நன்றியும் சொல்லியாயிற்று, வாசற்கதவும் திறந்துதான் இருக்கிறது. ஆள் மட்டும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கவிதை எழுதித் தருபவர், ஸ்வெட்டர் பின்னித் தருபவர் என்று இந்த இனத்தில் கிளைகள் பல. எல்லோரையும் சமாளித்துவிடலாம். கம்பளியில் நாய், பூனை முகம் செய்து தருபவரைத்தான் சமாளிக்க முடியாது. ஸ்வெட்டர் பிடிக்காவிட்டால் கை கொஞ்சம் இறுக்குகிறது என்று ஒரு பொய்யைப் போடலாம். உங்கள் பூனையே கிழங்குபோல் முகத்தை வைத்துக்கொண்டு சட்டத்துக்குள்ளிருந்து பார்க்கும்போது என்ன பொய் சொல்வீர்கள்?

என் சகலை அந்தக் கிளையைச் சேர்ந்தவர். முப்பத்திரண்டு வருடம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றார். அடுத்தவர் வாயைவிட்டுப் பிரிந்த துக்கத்தில் மூன்று மாதம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க, மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தார்.

பார்த்தால் எளிய வேலைதான். நூலாக முறுக்காத, பஞ்சுபோன்ற ஆட்டுக் கம்பளி. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முட்கள் கொண்ட ஊசி. அடியில் ஒரு ஸ்பாஞ்சு. குத்த வேண்டும். குத்தக் குத்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகும். இறுக இறுக மூக்கு வரும், தாடை வரும், காது வரும், பொறுமை போகும். ஒரு முகத்துக்குப் பத்தாயிரம் குத்து என்பது அவர் கணக்கு. அதில் ஒவ்வொரு நூறாவது குத்தும் அவர் விரலில் விழும்.

"வலிக்கவே வலிக்காதுன்னு எத்தனை பேருக்கு ஊசி போட்டீங்க! இப்ப அனுபவிங்க" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள் அவர் மனைவி. அந்த வீட்டு சோபாவில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் நீங்கள் பாதி ஆடு.

இவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்கமாட்டார். நேரே தரையில் மண்டியிட்டு உங்கள் பூனையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புவார்.

"இது என்ன நிறம்?"

"கறுப்பு."

"யார் சொன்னா?" என்று கேட்டு, அதில் சாம்பல், செம்பட்டை, கருநீலம் என்று ஏழு நிறம் எண்ணிக் காட்டுவார். எட்டு வருடம் அதற்குச் சோறு போட்ட நீங்கள் குருடரைப்போல் விழிப்பீர்கள். பத்து நாள் கழித்து, துணி போட்டு மூடிய சட்டத்தோடு வருவார். "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" என்று துணியை உருவுவார். உலகத்தில் இதைவிடக் கொடுமையான கேள்வி உண்டா?

முதலில் மாட்டிக்கொண்டவள் என் மனைவி. "கரடி... தானே அத்தான்?"

"உங்க பூனை."

"ஆமாமா! கரடி மாதிரி கம்பீரமா இருக்குன்னுதான் சொல்ல வந்தேன்."

"மீசை இன்னும் வைக்கலை" என்றார் சகலை. தோல்வியை ஒப்புக்கொள்ளாத இனம் அது. எப்போதும் ஒரு மீசை பாக்கியிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய மேல்வீட்டுக் கணக்கு டீச்சரின் நாய் செத்துப்போனது. தனியாக இருந்த அந்த அம்மாளுக்குப் பதின்மூன்று வருடத் துணை. அழகில்லாத நாய், அதை நாயே மறுக்காது. ஒரு காது கிழிந்து தொங்கும். கீழ்த்தாடை முன்னால் துருத்தி, நான்கு பற்கள் மேலுதட்டுக்கு வெளியே காவல் நிற்கும். குணம் முகத்தைவிட மோசம். தபால்காரர், மின்சாரக்காரர், என் சகலை எல்லோருமே அதனிடம் கடி வாங்கியவர்கள். டீச்சர் ஒரு வாரம் கதவைத் திறக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போகவும் யாருக்கும் தைரியம் இல்லை. நாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே!

சகலை மூன்று வாரம் குத்தினார். சட்டத்தோடு டீச்சர் வீட்டுக்கு அவர் மாடியேறியபோது நானும் உடன் போனேன், வேடிக்கை பார்க்க. துணி விலகியது. அடடா! இரண்டு காதும் நிமிர்ந்து, உதடு மூடி, சோப்பு விளம்பரத்தில் வருவதுபோல் ஒரு நாய் புன்னகை செய்தது. அவர் செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்கே தோன்றியது.

"யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இது?"

"உங்க... உங்க நாய்தான் டீச்சர்."

"அவனுக்குப் பல் வெளியே நீட்டிக்கிட்டிருக்குமே?"

"அது கடி சரியில்லாத தாடை டீச்சர். சின்ன வயசுலயே கவனிச்சிருக்கணும். நான் உள்ள தள்ளிட்டேன்."

"காது?"

"அதையும் சேர்த்துத் தைச்சாப்புல..."

"டாக்டர், பதின்மூணு வருஷம் அந்த மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு எழுந்தேன். அதைத் திருத்தச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா?" குரல் உயரவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் சட்டத்தை அவர் கையில் கொடுத்தார். கதவு மூடியது.

படியிறங்கும்போது மீசை பாக்கி என்று சகலை சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வீட்டுக்குள் போனதும், மூன்று வாரம் குத்தி இறுக்கிய அந்தத் தாடையைக் கத்திரியால் வெட்டி எடுத்தார். எனக்கே மனசு கேட்கவில்லை.

"அப்படியே வேணும்னா அப்படியே செஞ்சுடறேன். ஆனா பல்லு எந்தக் கோணத்துல இருந்துச்சு? போட்டோவுல எல்லாம் மங்கல்."

அவர் மனைவிக்குத்தான் யோசனை வந்தது. "உங்க கால்ல இருக்கே!"

கால்சட்டையை மடக்கினார். ஆடுதசையில் பழைய தழும்பு, நான்கு புள்ளிகள், இரண்டாவது சற்றே விலகி. முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் இவ்வளவு துல்லியமான பல் அச்சு தமக்குக் கிடைத்ததே இல்லை என்றார். பூதக்கண்ணாடி வந்தது, அளவுகோல் வந்தது. ஒரு காலை மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தம் தழும்பைப் பார்த்துப் பார்த்து அவர் குத்திய அந்தப் பத்து நாளும் பார்க்க வேண்டிய காட்சி. விரலில் எத்தனை குத்து விழுந்தும் ஒரு முனகல் இல்லை.

இரண்டாம் முறை துணியும் போடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. சட்டத்தை டீச்சரின் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கினார். டீச்சர் பார்த்தார். கிழிந்த காதைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். மறுபடியும் காதுக்கு வந்தார். சும்மா நிற்கமாட்டாமல் சகலை, நெற்றியில் ஒரு இழை தூக்கிக்கொண்டிருப்பதாகச் சாக்கு வைத்து, அதை நீவிவிடக் குனிந்தார்.

"கிட்டப் போகாதீங்க டாக்டர், கடிச்சுடுவான்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று டீச்சருக்கே தெரிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. சகலை கையை இழுத்துக்கொண்டார். பயந்துதான் இழுத்தார், நான் பார்த்தேன். பிறகு என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இதோடு ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தபால்காரரைக்கூட நிறுத்தி, அவர் காலிலும் தழும்பு இருக்கிறதா என்று விசாரித்ததாகக் கேள்வி.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஊசியையும் கம்பளியையும் தொட்டதில்லை என்ற தைரியம். நல்லது. ஆனால் உங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் படம் ஒன்று பெரிதாக்கி மாட்டியிருக்கிறதே, அதில் அவருடைய வழுக்கையில் ஒரு கைப்பிடி முடி எங்கிருந்து வந்தது? போட்டோக்காரர் தாமாகப் போட்டிருக்கமாட்டார்.