காதுமூடி போட்டுத் தலையாட்டியவன்

சேதுபதி அன்று காரைக்குடியே தன் பேருக்கு எழுதிக் கிடைத்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தான். நூல் மில் இரைச்சலில் காது கெடுகிறதென்று மூன்று விதக் காதடைப்பைக் கொடுத்து, போட்டுப் பார்த்துப் பிடித்ததைச் சொல்லச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. மெழுகு தடவிய பஞ்சு, ரப்பர்க் குமிழ், இரண்டு காதையும் கவ்வுகிற பெரிய மூடி.

மில் இரைச்சல் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. மாமியார் அக்கம்மாளைக் காளையார்கோவிலிலிருந்து நிரந்தரமாகக் கூட்டிவர வேண்டுமென்று மாசக்கணக்காக நச்சரிக்கிறாளே பெண்டாட்டி நாகவல்லி, அதற்குத்தான் மருந்து தேடினான். 'சரி' என்று ஒரு சொல் வாய் தவறி விழுந்தால் போச்சு.

புள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாகவல்லி பேச்சைத் தொடங்க, வீட்டிலேயே சோதனை நடந்தது. பஞ்சு வைத்தான், அவள் பேச்சில் பாதி கேட்டது. ரப்பரில் "எங்கம்மா" மட்டும் உள்ளே வந்தது. மூடியைக் கவிழ்த்தான். நாகவல்லியின் உதடு அசைந்தது, சத்தமே இல்லை. ஆகா!

மில்லுக்குள் யாராவது வாயசைத்தால் என்னவென்று கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. தலையாட்டிவிட்டு அறுந்த நூலை முடிச்சுப் போடப் போய்விட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் தலையாட்டினான். பக்கத்து வீட்டு ஜரீனா வந்து நின்றாள். நாகவல்லி மறுபடி ஏதோ சொன்னாள். சிரித்துக்கொண்டே மறுபடி ஆட்டினான்.

மறுநாள் மில் விட்டு வந்தால், வாசலில் டிரங்குப் பெட்டி, கோழிக்கூடை. உள்ளே அக்கம்மாள். சேதுபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரைக் கேட்டுடி..." என்று ஆரம்பித்தான்.

"உங்களைக் கேட்டுத்தான். அம்மா இனிமே நம்மளோடதான்னேன், தலையாட்டுனீக. ஜரீனாக்காவைச் சாட்சிக்கு வச்சுக்கிட்டு இன்னொரு தரம் கேட்டேன். அப்பவும் ஆட்டுனீக."

"காதுல மூடி இருந்துச்சேடி!"

"காதுலதானே இருந்துச்சு, கழுத்துல இல்லையே."

மாமியாரை அழைக்க இப்படிச் சிரித்த முகமாகச் சம்மதித்த ஆம்பளையைத் தான் பார்த்ததே இல்லை என்று ஜரீனா சுவருக்கு அங்குட்டு நின்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்காமலிருக்கத்தான் போட்டேன் என்று மாமியார் எதிரில் எப்படிச் சொல்வது?

மானம் போனாலும் போகட்டும், நிம்மதியாவது மிஞ்சட்டும் என்று ஆணியில் தொங்கிய பையில் காதடைப்பைத் துழாவினான். காலி. திரும்பிப் பார்த்தால், அக்கம்மாள் அந்தப் பெரிய மூடியைத் தலையில் மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குறட்டையைப் பத்தி அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்," என்றாள் நாகவல்லி. "மூடி அம்மாவுக்கு, ரப்பர் எனக்கு, பஞ்சு புள்ளைக்கு. மேஸ்திரிகிட்ட மூணுமே பிடிச்சிருக்குன்னு சொல்லிருங்க."