எலிக்குக் குணமானால் போதும்

நம் ஊரில் எம்.பி.பி.எஸ். டாக்டர் உண்டு, சித்த வைத்தியர் உண்டு. இருவருக்கும் மேலே ஓர் இனம் உண்டு: எலிச் செய்தி வைத்தியர். எங்கேயோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில், பெயர் தெரியாத ஓர் எலி சற்றுத் தேறி நாலடி ஓடினால் போதும். திண்டிவனத்தில் இவர் மருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

செய்தியின் தலைப்பைப் படிப்பார், எலியின் படத்தைப் பார்ப்பார், செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். 'மனிதர்களுக்குப் பலிக்குமா என்று இனிமேல்தான் சோதிக்க வேண்டும்' என்ற கடைசி வரி மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. அவ்வளவு தூரம் யார் படிப்பது?

எங்கள் தெருவில் இந்த இனத்தின் பிரதிநிதி, ரீசார்ஜ் கடை கோதண்டபாணி. அவர் பக்கத்து வீட்டு அம்சவள்ளிக்குத் தசையெல்லாம் வீங்கி வலிக்கும் நோய். விழுப்புரம் டாக்டர் கொடுத்த மாத்திரையால் இப்போதுதான் கை மேலே எழும்பி, தன் தலையைத் தானே வாரிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். அதே நோய் வந்த எலிகளுக்கு ஒரு வகைச் சர்க்கரையைக் கொடுத்ததில் வீக்கம் தணிந்ததாம், போனில் செய்தி வந்திருந்தது. அன்று காலை கோதண்டபாணி போனும் கையுமாக அவள் வாசலில் நின்றார்.

"மாத்திரையத் தூக்கிக் கடாசும்மா. எலிங்கல்லாம் சும்மா ஓடிக்கினு இருக்குதுங்க."

"அந்தச் சக்கர இங்க கெடைக்குமாண்ணா?"

"மளிகைக் கடையில கேட்டேன், இல்லன்னுட்டான். சக்கரயில இன்னா பேதம்? பனங்கற்கண்டு சாப்புடு."

சாப்பிட்டாள். மாத்திரையை நிறுத்தினாள். மாதம் முடிவதற்குள் சீப்பைப் பிடித்த கை தோளுக்கு மேல் ஏறாமல் போயிற்று. கண்ணாடி முன்னால் நின்று அழுதாள்.

விழுப்புரத்தில் டாக்டர் கேட்டார். "நிறுத்தச் சொன்ன டாக்டர் யாரும்மா?"

"ரீசார்ஜ் கடைக்காரருங்க."

டாக்டர் பழைய மாத்திரையை முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார்.

கோதண்டபாணி வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுவாரமே வந்தார்.

"போனது போவட்டும். அது எலி, இது முயலும்மா. முயலு நமக்கு இன்னும் கிட்ட."

அம்சவள்ளி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் மேலே இருந்தது. கை எட்டவில்லை. அவர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இவ்வளவு நேரமும் உங்கள் மனத்தின் மூலையில் ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருந்ததே: 'அது என்ன சர்க்கரை? பெயரைச் சொல்லவில்லையே. நம் சித்திக்குக்கூடக் கால் வீக்கம்...'

சொல்ல மாட்டேன்.