பூத வதத்துக்கு முறைப்படி அழைப்பு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் மகத்தானது சக்கரம் அல்ல, மின்சாரமும் அல்ல. நடுவில் ஓர் அட்டையை விரித்து, அதன்மேல் ஒரு பகடையை வைத்து, சுற்றிலும் குடும்பத்தை உட்காரவைப்பதுதான். இதை நான் பொறுப்புடன் சொல்கிறேன். கோயம்புத்தூரில் நான் பயிலும் கல்லூரியின் ‘சமுதாய மறுமலர்ச்சி மன்ற’த்துக்கு நான்தான் செயலாளர். மன்றத்தில் வேறு உறுப்பினர்கள் இல்லாததால் தேர்தல் மிக அமைதியாக நடைபெற்றது.

மன்றத்தின் சென்ற கூட்டத்தில் ‘கூப்பிட்டால்தான் வருவேன் என்பது ஒரு வியாதி’ என்ற பொருளில் நான் ஆற்றிய உரையை நானே மிகவும் பாராட்டினேன். அந்த வியாதி எங்கள் ஊரிலிருந்துதான் உலகத்துக்குப் பரவியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். கேரளத்து ரேஷனையும் கொங்குநாட்டு ரோஷத்தையும் ஒரே பையில் வாங்கி வருகிறவர்கள் நாங்கள்.

இங்கே ஒருவரை விசேஷத்துக்கு அழைப்பது பாஸ்போர்ட் எடுப்பதைவிட நுட்பமான அலுவல். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் இருக்க வேண்டும். அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் முகம் பார்த்து “அவசியம் வந்துருங்க” என்று சொல்ல வேண்டும். யாராவது குளித்துக்கொண்டிருந்தால் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். இவர்கள் வந்தது தெரிந்து அவர் வேண்டுமென்றே தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் காத்திருக்க வேண்டும்.

அம்மாவின் தம்பி ஈஸ்வரமூர்த்தி மாமாவுக்கு எங்கள் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் வீடு. முதலமடையில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். நாங்கள் புதுவீட்டுக்குக் குடிபோனபோது, என் அப்பா காளிச்சாமி காலத்துக்கேற்ற மனிதர் என்பதால், அழைப்பிதழை உறவினர் வாட்ஸாப் குழுவில் போட்டார். மாமாவும் காலத்துக்கேற்ற மனிதர். குழுவிலேயே கலந்துகொண்டார். ‘புதுமனை புகுவிழா சிறக்க வாழ்த்துகள்’ என்று ஒரு குத்துவிளக்குப் படத்தை அனுப்பிவிட்டு, நேரில் வராமல் இருந்துகொண்டார். அன்றிலிருந்து இரண்டு வீடுகளுக்கும் நடுவில் தேங்காய் விழும் சத்தம் மட்டுமே போக்குவரத்தாக இருந்தது.

இப்போது என் அக்கா செல்வப்பிரியாவுக்குத் தை மாதத்தில் கல்யாணம். தாய்மாமன் முன்னால் நிற்காமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடக்காது. நடந்தால், அதைப் பற்றிப் பேசுவதற்கென்றே நாலு ஊர் ஜனம் வரும்.

“ஒருக்காப் போய்க் கூப்புட்டா வந்துருவானுங்க” என்றாள் அம்மா.

“அக்கா மகளுக்குக் கல்யாணம்னு தெரியுமல்ல? வரோணும்னு இருந்தா வரட்டும்” என்றார் அப்பா.

இந்தப் ‘பேச்சுவார்த்தை’ தினமும் நடந்து தினமும் முறிந்தது. அம்மா முதலில் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். பிறகு பேச்சைக் குறைத்தாள். கல்யாணப் புடவை எடுக்கப் போகலாம் என்று அக்கா கூப்பிட்டால், “போலாம் போலாம்” என்று சொல்லிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகத் தோப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தச் சமூக நெருக்கடியில்தான் நான் தலையிட்டேன். தபாலில் ஒரு பெட்டி வரவழைத்தேன். வீரர்கள் மலையேறிப் போய், குகைக்குள் தூங்கும் டிராகனைக் கொன்று, புதையலை எடுத்துவரும் எளிய விளையாட்டு. டிராகன் என்பதை அப்பா ‘பூதம்’ என்று மொழிபெயர்த்தார். அன்றிலிருந்து அது பூதம்.

“இந்த ஆட்டத்தில் பெரியவர் சிறியவர் கிடையாது” என்று நான் தொடக்கவுரை ஆற்றினேன். “மச்சான் கிடையாது, மாப்பிள்ளை கிடையாது. எல்லாரும் வெறும் ஆட்டக்காரர்கள்.”

“எத்தன பேர் ஆடோணும்?” என்று கேட்டாள் அக்கா.

விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். ஐந்து வீரர்கள் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. நாங்கள் நாலு பேர்.

அம்மா முறத்தில் இருந்த பருப்பைப் பார்த்தபடியே, “என்ற தம்பி ஊட்டுல சும்மாதான் இருக்கறான்” என்றாள்.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சீர்திருத்தவாதி அல்லவா, உடனே கைப்பேசியை எடுத்து மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘மாமா, ஞாயிறு கேம் இருக்கு, வந்துருங்க.’

பதில் உடனே வந்தது. ‘ஆட்டம் சிறக்க வாழ்த்துகள்.’ கீழே அதே குத்துவிளக்கு.

“பாத்தீங்களா” என்றார் அப்பா, வழக்கில் வென்றவரைப் போல.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, கல்யாணத்துக்குக் கூப்புடப் போனாத்தான உங்க கௌரவம் கொறையும்? இது வெளையாட்டுத்தானுங்க. வெளையாட்டுக்குக் கூப்புடறதுல என்னுங்க இருக்குது?”

அப்பா யோசித்தார். வாதத்தில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை.

“பூதத்தக் கொல்றதுக்கெல்லாம் தாம்பூலமா?” என்று மட்டும் கேட்டார்.

“தட்ட நான் புடிச்சுக்கறன். நீங்க சும்மா கூட வந்தாப் போதும்.”

‘பார்வையாளர்’ என்ற தகுதியில் நானும் போனேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு மாங்காய்ப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்களைத் தோப்பிலேயே பார்த்துவிட்டார். பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, அப்போதுதான் பார்த்தவரைப் போல, “அடடே, வாங்க மச்சான், வாக்கா” என்றார்.

அம்மா தட்டை நீட்டினாள். அப்பா தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதல்முறையாக என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததையே சொன்னார்.

“வர்ற ஞாயித்துக்கெழம நம்மூட்டுல பூதத்தக் கொல்றதா இருக்கறமுங்க மாப்ள. நீங்க இருந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்.”

நான் சிரிப்பேன் என்று பயந்து அம்மா என் காலை மிதித்தாள். மாமா சிரிக்கவில்லை.

“வேற யார் யாரைக் கூப்ட்டிருக்கீங்க?”

“யாரையுமில்லீங்க. மொதோ அழைப்பே உங்களுக்குத்தான்.”

மாமா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நேரம் எப்பிடீங்க, காலைலயா?”

“ராகுகாலத்துக்கு முன்னாடியே கொன்னு போடலாமுங்க” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளை வேட்டியில் வந்தார். கையில் சீர்த்தட்டு. அதில் தேங்காய், பழம், ஒரு புதுத் துண்டு, சீசனில் முதலில் பறித்த மாங்காய்கள். பூதத்தைக் கொல்லப் போகும் இடத்துக்கு வெறுங்கையோடு போக முடியாது என்று அத்தை சொல்லி அனுப்பினாராம்.

கூடத்தில் அட்டையை விரித்தோம். வீரர்களைக் குலுக்கல் முறையில் ‘ஜனநாயகமாக’ வழங்கினேன். அப்பாவுக்கு ராஜகுமாரன், அம்மாவுக்கு வைத்தியக்காரி, அக்காவுக்கு மந்திரவாதி, எனக்கு வில்லாளி. மாமாவுக்குக் குள்ளன் விழுந்தான்.

மாமா குள்ளனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதாருங்க மாப்ள?” என்று என்னைக் கேட்டார்.

“குள்ளனுங்க மாமா. ரொம்ப பலசாலி. கோடாலி வெச்சிருக்கான் பாருங்க.”

“கோடாலி இருக்குது, சரி. உங்கப்பா ஆளோட முட்டிக்குத்தான் வர்றான்.”

“அது அளவு அப்படித்தானுங்க மாமா, பெட்டியிலயே...”

“பொறப்படறன்க்கா” என்று மாமா தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அம்மாவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“உக்காருங்க மாப்ள” என்றார் அப்பா. ராஜகுமாரனை எடுத்து மாமாவின் முன்னால் வைத்து, குள்ளனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு என்னைக் காட்டினார். “கோகுலு அவசரத்துல மாத்திக் குடுத்துட்டான். என்ற ஆளுதான் குள்ளன்.”

“அப்பா, குலுக்கலில் விழுந்ததை மாற்றுவது விதிப்படி...” என்று நான் தொடங்கினேன்.

“வாய மூடிட்டு ஆடுறா, செயலாளர்” என்றாள் அக்கா.

ஆட்டம் நன்றாகவே போனது. மாமா பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதி உருட்டினார். அம்மா வழியில் அடிபட்ட எல்லாருக்கும் மருந்து கொடுத்தாள், எங்களை அடித்த ஓநாய் உட்பட. மலையேறிக் குகை வாசலுக்கு வந்தோம். அங்கே ஒரு விதி: முதலில் ஒருவர் உள்ளே போக வேண்டும். யாரும் போகாமல் ஒரு சுற்று கழிந்தால் பூதம் தூக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விழிக்கும்.

“போங்க மாப்ள” என்றார் அப்பா.

“அதெப்புடீங்க, மூத்தவிங்க நீங்க இருக்கறப்ப? நீங்க போங்க.”

“வந்தவிங்க நீங்க. நீங்கதான் மொதல்ல போகோணும்.”

“இருக்கட்டுமுங்க. நீங்க போங்க, நான் பின்னால வர்றன்.”

பூதம் ஒரு கண்ணைத் திறந்தது. அவர்கள் இன்னொரு சுற்று மரியாதை செய்துகொண்டார்கள். பூதம் மறு கண்ணையும் திறந்தது. உலக வரலாற்றில் உபசாரத்தாலேயே தூக்கம் கலைந்த முதல் பூதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது மாமா கையை உயர்த்தினார். “இருங்க. இந்தக் குகை யாருதுங்க?”

“பூதத்தோடதுங்க மாமா” என்றேன்.

“பூதம் நம்மளக் கூப்ட்டுதா?”

விதிப் புத்தகத்தை முழுவதும் புரட்டினேன். அப்படி ஒரு ஏற்பாடு எங்கும் இல்லை.

“அப்பறம் எப்புடி உள்ள போறது? கூப்புடாத ஊட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டன்.”

“மாமா, நாம் போவது அதைக் கொன்று கொள்ளையடிக்க. அதற்கு அது எப்படி நம்மை அழைக்கும்?”

“கொள்ளையடிக்கப் போனாலும் முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா அட்டையைப் பார்த்தபடி சொன்னாலும், அவர் அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை என்பது மன்றத்தின் செயலாளருக்கே புரிந்தது. அம்மா தன் வைத்தியக்காரியை மெதுவாக நகர்த்தி ராஜகுமாரன் பக்கத்தில் வைத்தாள். “என்ற தம்பி நிக்கற எடத்துல நானும் நின்னுக்கறன்.”

அக்காவும் மந்திரவாதியை நகர்த்தினாள். “எனக்கும் மாமன் வந்தாத்தான்.”

 அப்பா குள்ளனை எடுத்துக் குகைக்குள் வைத்தார்.

“கோகுலு, நான் உள்ள போயிட்டனா?”

“போயிட்டீங்கப்பா.”

“அப்ப இப்போதைக்கு இது என்ற ஊடுதான?”

விதிப்படி அது பூதத்தின் அனுபவ பாத்தியத்தில் உள்ள இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

“ஆமாங்கப்பா” என்றேன்.

அப்பா உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் கூப்பினார். “வாங்க மாப்ள. உள்ள வாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கே வந்து கூப்ட்டிருக்கோணும். தப்புத்தானுங்க.”

மாமா அட்டைமேல் நன்றாகக் குனிந்துகொண்டார். “வாசல் தாழ்வா இருக்குதுங்க மச்சான், தலை இடிச்சுக்கும்” என்று முணுமுணுத்தபடி ராஜகுமாரனை உள்ளே நகர்த்தினார்.

“தையில கல்யாணமுங்க” என்றார் அப்பா.

“அதுக்குத் தனியா வந்து கூப்புடோணும்.”

“வர்றமுங்க. ஜோடியாவே வர்றம்.”

அம்மா காப்பி போடுவதாகச் சொல்லி எழுந்து போனாள். சமையலறையில் வெகுநேரம் டம்ளர் சத்தம் கேட்டது. காப்பி வரவில்லை.

இதற்குள் பூதம் முழுதாக விழித்துவிட்டிருந்தது. எங்கள் ஐவரையும் கொன்றது. பிறகு நாங்கள் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.

அந்த வாரமே மன்றத்துக்கு நான் அறிக்கை சமர்ப்பித்து, நானே பெற்றுக்கொண்டேன். ‘அழைப்பு, முறை, முன்வரிசை முதலிய பழமைவாதங்கள் ஒரு பகடையின் முன் மண்டியிட்டன. இளைய தலைமுறை இதிலிருந்து முற்றிலும் விடுபட்டுவிட்டது’ என்பது அதன் முடிவுரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடி அறையில் படித்துக்கொண்டிருந்தேன். கீழே பகடை உருளும் சத்தம். மாமா அத்தையையும் கூட்டிவந்திருந்தார். அவர்களோடு சேர்த்து ஐந்து பேர் ஆகிவிட்டது. என் பெட்டி, என் விதிப் புத்தகம், என் தொடக்கவுரை. அத்தைக்கு மாமா விதிகளைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பது நன்றாகக் கேட்டது.

சற்று நேரம் கழித்துப் படிக்கட்டின் அடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “டேய் கோகுலு, வாடா. எங்கூட சேந்துக்கோ.”

நான் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எனக்குப் படிக்க நிறைய இருந்தது.

“தூங்கிட்டானாட்ட இருக்குது” என்றாள் அம்மா. “பசிச்சா வருவான், உடு.”

பகடை மறுபடியும் உருண்டது. யாரோ பலமாகச் சிரித்தார்கள். நான் போகவில்லை. ரோஷமெல்லாம் ஒன்றும் இல்லை. அதற்கு எதிராக உரை நிகழ்த்தியவனே நான்தான். கீழே நின்று கத்துவதற்குப் பதிலாக யாராவது மேலே ஏறி வந்து, முகம் பார்த்து, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவும் அம்மாவும் ஜோடியாக வந்தால் இன்னும் முறையாக இருக்கும்.