ஓர் அரைப்புள்ளி குறைகிறது

"டீச்சர், நேத்து ஒரு பிழைதான் இருந்துச்சு. இன்னிக்குப் பதினாலு!"

போனில் இதைச் சொன்ன மெய்ப்புத் திருத்துபவரின் குரலில் கவலையைவிட உற்சாகம்தான் தூக்கலாக இருந்தது.

திங்கட்கிழமை பதிப்பகம் ஓர் அகராதியின் 'ம' வரிசையை டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பியிருந்தது. அவருடைய பழைய கம்ப்யூட்டரில் அது எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட ஃபைல்களைப் படிக்கவென்றே ஓர் இலவச புரோகிராம் இணையத்தில் கிடைத்தது. ஆனால் சமைத்த பதார்த்தமாக அல்ல, மளிகைச் சாமானாக. மூல நிரலை இறக்கி, நாமே அதை ஓடும்படியாகக் கம்பைல் செய்து, இன்ஸ்டால் பண்ணிக்கொள்ள வேண்டும். எப்படி என்று ஒரு குறிப்பும் கூடவே இருந்தது. திறந்தார். அதுவும் கட்டம் கட்டமாக இருந்தது. எண்கள் மட்டும் தப்பியிருந்தன. அதில் ஒரு போன் நம்பர்.

கூப்பிட்டார். எடுத்தவர் அந்த புரோகிராமை எழுதியவரேதான், ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் ஆசிரியை. "நிஜமாவே இறக்கிட்டீங்களா? நம்ம புரோகிராமையா?" என்று மூன்று தடவை கேட்டார்.

மெய்ப்புக்காரர் மூன்றாவது மாடியில் தனியாள். வாட்ச்மேனிடம் சொல்லும் 'ஆமாம்'தான் ஒரு நாளைக்கு அவர் பேசும் மொத்தப் பேச்சு. சில நாள் 'சரி'யும் உண்டு. அன்று முக்கால் மணி நேரம் பேசியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

"உங்க மெஷினுக்குத் தோதா திருத்தி அனுப்பறேன்" என்றார் டீச்சர். செவ்வாய்க்கிழமை மெயிலில் வந்ததை மெய்ப்புக்காரர் கம்பைல் செய்தார். ஒரு பிழை என்றது கம்ப்யூட்டர்.

"டீச்சர், ஒரு வரியில அரைப்புள்ளி விட்டுப்போச்சு."

"அட, என் கண்ணுக்குத் தப்பிடுச்சே! கண்ணுன்னா உங்க கண்ணு சார்!"

முப்பது வருஷமாக அரைப்புள்ளி போடுகிறவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. மறுநாள் டீச்சர் திருத்தி அனுப்பியதைக் கம்பைல் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு போன் செய்தார். அதுதான் அந்தப் பதினாலு. ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடந்ததை ஒரு மணி நேரம் பேசிக் கண்டுபிடித்தார்கள். நடுவில் டீச்சருடைய மூட்டுவலி, இவருடைய ஒழுகும் குழாய் எல்லாம் வந்துபோயின.

டீச்சர் மறுபடி திருத்தி அனுப்பினார். வியாழக்கிழமை அதைத் திறந்த மெய்ப்புக்காரருக்கு ஒரு சொல் உறுத்தியது. வருகிற இடமெல்லாம் அதில் ஓர் எழுத்து குறைந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? பாதி இடத்தில் திருத்தி வைத்தார்.

"இப்ப நாற்பத்தொண்ணு டீச்சர்!"

"ஐயோ, அது நான் வச்ச பேரு சார்! எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தப்பா இருந்தாத்தான் ஓடும்!"

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் பதிப்பக மேனேஜர் கூப்பிட்டார். பேசிவிட்டு மெய்ப்புக்காரர் மறுபடி டீச்சரிடம் வந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள தரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறாங்களாம்."

மறுமுனையில் நாற்காலியை அவசரமாக இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"முதல்லயே சொல்லக் கூடாதா சார்? இதோ, பத்து நிமிஷத்துல அனுப்பறேன்."

அனுப்பினார். பிழை பூஜ்யம். அகராதி பளிச்சென்று தெரிந்தது. மெய்ப்புக்காரர் வெள்ளிக்கிழமை முழுக்கத் திருத்தி, சனிக்கிழமை காலையில் அனுப்பியும் விட்டார். "பிரமாதம்" என்று மேனேஜர் பதில் எழுதினார்.

பதினோரு மணி. இஸ்திரி போட்ட சட்டையோடு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? எல்லாம்தான் சரியாகிவிட்டதே. அறை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது.

மெல்ல மூல நிரலைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சரியாக இருந்த ஓர் அரைப்புள்ளியை அழித்தார். கம்பைல் செய்தார். பிழை ஒன்று.

பாய்ந்து போனை எடுத்தார்.

"டீச்சர்! மறுபடியும் ஓர் அரைப்புள்ளி காணோம்!"

"அத்தை குளிக்கிறாங்க, நான் அவங்க அண்ணன் பொண்ணு" என்றது ஓர் இளங்குரல். "நீங்கதானா அந்த சார்? நீங்க கூப்பிடணும்னு அத்தை தினம் புரோகிராம்ல எதையாவது எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. ஆனா வியாழக்கிழமை, உங்க வேலை போயிடக் கூடாதேன்னு, ஒண்ணையுமே எடுக்கலையே சார்!"