கலெக்டரின் எடை

நாயைக் கொல்வது பாவம் என்பதில் கலியாணசுந்தரத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதனால் அது தானாகச் சாகிறபடி ஏற்பாடு செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவர் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரியிடம் தராசு பிடிக்கிறவர். நெசவுக்காரர்களுக்குப் பட்டை நிறுத்துக் கொடுப்பார். அது புடவையாகத் திரும்பி வந்ததும் நிறுத்து வாங்குவார். கொடுக்கும்போது பட்டு கொஞ்சம் கனக்கும். வாங்கும்போது அதே பட்டு கொஞ்சம் இளைத்திருக்கும். இந்த மாயமெல்லாம் அவருடைய வலதுகைச் சுண்டுவிரல் செய்வது. தட்டின் விளிம்பில் அது சும்மா சாய்ந்திருப்பதுபோல் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் அந்த விரலைச் சபிக்காத தறிக்காரர் கிடையாது. விரலுக்கு இதுவரை ஒரு நகச்சுற்றுகூட வந்ததில்லை.

நாயின் பெயர் கலெக்டர். வைத்தவர் கலியாணசுந்தரத்தின் மாமனார். அவரும் தறிக்காரர்தான். சாவதற்குள் ஒரு கலெக்டரையாவது வாடா போடா என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். அவர் போன பிறகு கலியாணசுந்தரத்தின் மனைவி கிருஷ்ணவேணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது இந்த நாயை மட்டும்தான். அங்கே வேறு எதுவும் மிச்சமில்லை. கலெக்டருக்குப் பின்கட்டு அறையை ஒதுக்கினாள். கலியாணசுந்தரம் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த அறைதான் இப்போது வேண்டியிருந்தது. வாலாஜாபாத்தில் அவருடைய அக்கா பொன்னியம்மாளை மருமகள் தினமும் வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டில் தலை சாய்க்க ஓர் இடம் கிடைக்குமா என்று அக்கா கேட்டு அனுப்பியிருந்தாள். கிருஷ்ணவேணியிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் கல்யாணமான புதிதில், புதுப்பெண் எத்தனை இட்லி தின்கிறாள் என்று எண்ணி ஊருக்கெல்லாம் சொன்னவள் இதே அக்கா. அந்தப் பேச்சை எடுக்கத் தைரியம் வேண்டும். அது கலியாணசுந்தரத்திடம் கைவசம் இல்லை. நாய் போகட்டும், அறை காலியாகட்டும், அக்கா விருந்தாளி மாதிரி வந்து அப்படியே தங்கிவிடட்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கடவுள் கண் திறந்தார். கலெக்டர் இருமத் தொடங்கியது. வயிறு பானையாக உப்பியது. நாலு எட்டு நடந்தால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரி சாமுவேல் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் களைத்துப் போய்விட்டது, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார். தண்ணீரைச் சிறுநீராக இறக்க ஒரு மாத்திரை எழுதினார். அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னார்.

"தெனம் காலைல, அது ஒண்ணுக்குப் போனப்புறம், தீனி வெக்கறதுக்கு முன்னாடி எடை போடணும். எடை எறங்குனா தண்ணி எறங்குதுன்னு அர்த்தம். ஏறுனா மாத்திரைய ஏத்தணும். ஆனா ஜாக்கிரதை. வேணுங்கறதுக்கு மேல குடுத்தா உடம்பு வத்தி, கிட்னி கெட்டு நாய் போயிடும். தூங்கறப்போ மூச்சு எப்படி வாங்குதுன்னும் பாருங்க."

கலியாணசுந்தரத்துக்கு அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வந்தது மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும், எடை போடுவதும் டாக்டரிடம் போய்ச் சொல்வதும் தன் பொறுப்பு என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வீட்டில் எந்தப் பொறுப்பையும் கேட்டு வாங்கியதில்லை.

"நீங்களா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"தராசு புடிக்கறது என் தொழில்டி."

"அது தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைக் கிடங்கில் கிடந்த பழைய பெரிய தராசு வந்து பின்கட்டு உத்தரத்தில் தொங்கியது. கிருஷ்ணவேணி தெருக்குழாய்க்குப் போகிற நேரம் பார்த்து நிறுவை நடக்கும். கலெக்டர் ஒரு தட்டில் ஏறி, மனு வாங்க வந்த அதிகாரியைப்போல் உட்காரும். கலியாணசுந்தரம் மறு தட்டில் எடைக்கல்லை வைப்பார். நாயின் பக்கம் சுண்டுவிரல் சாயும். இன்னொரு கல் வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு வாரம் கலெக்டர் கனத்தது. டாக்டர் உச்சுக்கொட்டி மாத்திரையை ஏற்றச் சொன்னார். கலியாணசுந்தரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவருக்கு உறுத்தவில்லை. அவர் எடையைத்தானே சொன்னார்? எழுதுகிறவர் டாக்டர், கொடுக்கிறவள் கிருஷ்ணவேணி. பாவம் அவரைத் தேடி வருவதற்குள் ரெண்டு வீடு ஏறி இறங்க வேண்டும்.

ஆனால் நாய் சாகவில்லை. வயிறு உள்ளே போயிற்று. இருமல் நின்றது. மாத்திரை ஏற ஏற நாய் வற்றுவதற்குப் பதிலாக வாலிபமானது. ஒரு நாள் தபால்காரரைத் தெருக்கோடி வரைக்கும் துரத்திக்கொண்டு போய்விட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்தது. தபால்காரருக்குத்தான் மூச்சு வாங்கியது.

வாலாஜாபாத்திலிருந்து அக்கா மறுபடி ஆள் அனுப்பினாள். கலியாணசுந்தரம் டாக்டரிடம் ஓடினார். தீனியே எடுப்பதில்லை, மூச்சு முட்டுகிறது, வாயில்லா ஜீவன் படுகிற பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டால் புண்ணியமாகப் போகும் என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெள்ளிக்கிழமை நாயைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டம்மாவும் கூட வரட்டும் என்றார்.

அன்றைக்கே பஸ் கண்டக்டர் மூலம் அக்காவுக்குச் சேதி போயிற்று. நாய் போய்விடும், வெள்ளிக்கிழமை அறை காலி.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் கலெக்டரின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கலியாணசுந்தரத்தைத் தாண்டி, "இன்னிக்கு எவ்ளோம்மா?" என்றார்.

"பதினாறு கிலோ. போன வாரத்துக்கு இந்த வாரம் அப்படியே நிக்குது சார்," என்றாள் கிருஷ்ணவேணி.

"நெஞ்சுல தண்ணியே இல்ல. இதே மாத்திரை இதே அளவு போதும்." டாக்டர் குழாயைக் கழற்றினார். "எங்கிட்ட ரெண்டு எடை வந்துக்கினு இருந்துது ஐயா. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. மத்தியானம் வந்தது நாயோட எடை."

திரும்பி வரும்போது ஜட்கா வண்டியில் கலெக்டர் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கலியாணசுந்தரம் வண்டிக்காரனின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கடைக்குப் போன பிறகு அவள் அதே தராசில் நாயை மறுபடி நிறுத்து, மத்தியானம் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் அவரிடம் ஏற்றச் சொன்ன மாத்திரையில் ஒன்றுகூட நாயின் வாய்க்குள் போகவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா வேற விரலுக்கு மாறியிருப்பீங்க."

கலெக்டர் அவள் மடியில் தலையைச் சாய்த்தது. அவளே தொடர்ந்தாள்.

"எங்கப்பா எதுக்கு என்ன உங்களுக்குக் குடுத்தாரு தெரியுமா? மாப்பிள்ளையாயிட்டா அவரு தட்டுல மட்டும் கைய வெக்க மாட்டீங்கன்னு நெனச்சாரு. கல்யாணமான அடுத்த மாசமே வெச்சீங்க. வீட்டுக்கு வந்து என்னப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம மோர் குடிச்சிட்டுப் போயிட்டாரு. சாவற வரைக்கும் சொல்லல. அவரு தட்டுல வெச்ச விரல, அவரு நாய் தட்டுல வெக்காமலா இருப்பீங்க?"

அவள் அழுதிருந்தால் கலியாணசுந்தரம் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டு, விலை கேட்கிற குரலில் பேசினாள். அவருக்கு முதல்முறையாக அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியின் மேல் பொன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாய் உயிரோடு வண்டியிலிருந்து குதிப்பதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. அடுத்த பஸ் எப்போது என்று தம்பியைக் கேட்டாள். தம்பி வண்டிக்காரனுக்குக் காசு எண்ணத் தொடங்கினார்.

"எதுக்கு பஸ்ஸு? உள்ள வாங்க அண்ணி," என்றாள் கிருஷ்ணவேணி.

கலியாணசுந்தரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இவங்க வரக்கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னிருப்பேன். வாயில்லாததக் கொல்றது உங்களுக்குச் சுலுவா இருந்துது, எங்கிட்ட கேக்கறது கஷ்டமா இருந்துது. இல்ல?"

அவள் பெட்டியின் ஒரு பக்கப் பிடியைத் தூக்கினாள்.

"பின்கட்டு அறைதான் அண்ணி. கலெக்டரும் உங்களோடதான் இருக்கும், கடிக்காது. காலைல மட்டும் அத எடை போட்டுச் சொல்லுங்க. இவரு போட்டா சரியா வர மாட்டேங்குது."

அக்கா மறுபக்கப் பிடியைத் தூக்கிக்கொண்டு, தம்பியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவன் கையிலயா தராசக் குடுத்தே? சின்ன வயசுல பொரி உருண்டையப் பங்கு போடச் சொன்னா, சின்ன பாதிய எங்கிட்ட நீட்டிட்டு, 'உனக்குத்தான் பெருசுக்கா'ன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவாம்மா."