ஜாதகத்துக்குப் பதிலாகப் போன இளவரசி

இருபது வயதில் நான் எழுதிய நாவலை முதன்முதலில் வாசித்தவர்கள், என்னைப் பெண் பார்க்க வரவிருந்த குடும்பத்தார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாங்கள் வாசிப்பது நாவல் என்று அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில், பி.ஏ. முடித்துவிட்டு விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தேன். இருந்தேன் என்பதுகூடச் சரியில்லை, நடந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து கூடம். "இவ நடக்கற நடைக்கு இந்நேரம் திருப்பதிக்கே போய்ட்டு வந்திருக்கலாம்" என்பார் அம்மா. அந்த நடையில்தான் நாவல் பிறந்தது. இளவரசி மேகவர்ணி விரலசைத்தால் மழை கொட்டும். அரண்மனையில் ஆளுக்கொரு சதி, தூணுக்கொரு ஒற்றன் (தூண்கள் போதாமல் இன்னொரு மண்டபம் கட்டினேன்). தப்பியோட ஒரு சுரங்கமும் தோண்டினேன். அதை எங்கே முடிப்பதென்று தெரியாமல், பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த மண்டகப்பட்டு குகைக்கோயிலில் கொண்டுபோய் விட்டேன்.

சென்னைப் பத்திரிகை ஒன்று தொடர்கதைப் போட்டி அறிவித்திருந்தது. முதல் பாகத்தை அனுப்பிவிட்டேன். இரண்டாம் பாகத்துக்கு அன்றுதான் கடைசித் தபால். அதே காலையில், திண்டிவனத்தில் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையான கணக்கு வாத்தியார் வீட்டுக்கு என் ஜாதகத்தைக் கொண்டுபோக அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். மேசைமேல் இரண்டு பழுப்புக் கவர்கள். பரபரப்பில் ஒன்றை எடுத்தேன், பத்திரிகை முகவரியை எழுதினேன், ஓடினேன்.

தபால் ஆபீஸில் எடை போட்டவர், "சாதா ஸ்டாம்பே போதும்மா" என்றார். எண்பது பக்க நாவலுக்குச் சாதா ஸ்டாம்பா என்று எனக்குத் தோன்றவே இல்லை. (என் எழுத்தில் கனமில்லை என்று முதலில் கண்டுபிடித்தது தபால் இலாகாதான்.)

வீடு திரும்பியதும் அம்மா சொன்னார்: "ஏன்டி மல்லிகா, ரெண்டு தாளு ஜாதகம் எப்படி இம்மாம் கனம் கனக்குதுன்னு உங்கப்பா கேட்டுக்கினே போனாரு."

அப்பா எடுத்துப் போனது என் நாவலை. இரண்டாம் பாகம் இளவரசியின் கடிதத்தோடு தொடங்குகிறது. அதன் உச்சியில், எழுதியவள் என்ற முறையில், என் பெயரைத்தான் போட்டிருந்தேன்.

அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த திண்டிவனம் பஸ்ஸில் இருந்தேன். அது விக்கிரவாண்டியில் டீக்கு நின்றது. கூட்டேரிப்பட்டில் ஒருவர் ஆட்டோடு ஏறலாமா என்று வாதாடியதற்கு நின்றது. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்றேன்.

"எம்மா, நீ எய்ந்து நின்னா பஸ்ஸு ஜல்தியா பூடுமா? உக்காரும்மா, பேஜாரு பண்ணாத" என்றார் கண்டக்டர்.

திண்டிவனத்தில் விசாரித்து வாத்தியார் வீட்டைக் கண்டுபிடித்தபோது, வாசலிலேயே என் வாக்கியம் என்னை வரவேற்றது. பிளஸ் டூ படிக்கும் மாப்பிள்ளையின் தங்கை வசந்தா, பேச்சுப்போட்டிக் குரலில் முழங்கிக்கொண்டிருந்தாள்.

"'என் சம்மதமின்றி என்னை இந்த அரண்மனைக்கு மருமகளாக்கினால், என் மாமியாராக வருபவளைத் தவளையாக்கி அல்லிக்குளத்தில் விடுவேன்! என் நெஞ்சம் குதிரை லாயத்து இளமாறனுக்கே சொந்தம்!'"

உள்ளே எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே அப்பா, நாற்காலி நுனியில், ஆடை படிந்துபோன காபியோடு.

"நம்ம வூட்டத்தான் அரண்மனைன்னு கிண்டல் பண்ணுதா பொண்ணு?" என்றார் அந்த அம்மாள். "அது கெடக்கட்டும். யாருங்க அந்த இளமாறன்?"

"எங்க தெருவுல அப்படி யாரும் இல்லீங்க" என்றார் அப்பா. "குதிரைன்னா... ஸ்டேஷனாண்ட நாலு ஜட்கா நிக்குதுங்க. வெசாரிச்சிட்டு வர்றேங்க."

ஒழுக்கமாக வளர்த்த மகளுக்காக ஜட்கா ஜட்காவாக விசாரிக்கத் தயாராகிவிட்ட அப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தேன்.

"அது நான் இல்லீங்க! மேகவர்ணி! கதைங்க அது!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வியர்வை, கலைந்த தலை, பஸ் ஜன்னல் புழுதி. பெண் பார்க்கும் படலம் இப்படித்தான் நடந்தேறியது.

"அப்ப இளமாறன்?" என்றார் அந்த அம்மாள்.

அவனால் இனி ஆபத்தில்லை என்று காட்டிவிடும் அவசரத்தில் சொன்னேன்: "அவனப் பதினோராவது அத்தியாயத்துல கொன்னுட்டேங்க."

வசந்தா "ஐயோ!" என்று அலறினாள். அவள் அப்போது எட்டாவது அத்தியாயத்தில்தான் இருந்தாள்.

மூலையில் நின்றிருந்த மாப்பிள்ளை குணசேகரன் முதன்முறையாக வாய் திறந்தார். "அந்தச் சுரங்கம் இருக்குதுங்களே, நாப்பது மைலு. அதை எப்படிங்க ஒரு நாழிகையில ஓடிக் கடக்கறாங்க? கணக்கு இடிக்குதே."

"மந்திரக் குதிரைங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஜாதகம் கெடச்சதும் சொல்லி அனுப்புங்க" என்று எங்களை அனுப்பிவைத்தார்கள். கதைத்தாள்களை மட்டும் வசந்தா தரவில்லை.

பத்து நாள் கழித்துப் பத்திரிகையிலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. கூடவே அச்சடித்த ஒரு சீட்டு: 'தங்கள் படைப்பு பொருந்தவில்லை. வருந்துகிறோம்.' அப்பா அதை இரண்டு முறை படித்தார். "ஜோசியரே தேவலை, இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல மாட்டாரு" என்று சாய்வுநாற்காலியில் சரிந்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மாவும் வசந்தாவும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். நேரிலேயே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். நான் கிணற்றடிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போனேன்.

அந்த அம்மாள் என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எம்மா, கடசி வரிக்கும் படிச்சோம். அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணான், அவன ஏன் கொன்ன? வசந்தா மூணு நாளா சரியா சாப்புடல." கொஞ்சம் தயங்கினார். "நானுந்தான். மந்திரம் மாயம்லாம் வச்சிக்கினுகீற இல்ல? எழுப்பு அவன."

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மூலிகைச் சாறு பிழிந்து இளமாறனை எழுப்பினேன். வாசித்துப் பார்த்துத் திருப்தியான பிறகே தட்டு மாற்றினார்கள். நாவல் இன்றுவரை எங்கும் அச்சாகவில்லை.

எங்கள் மூத்த மகனுக்கு இளமாறன் என்று பெயர் வைத்தது என் மாமியார்தான். சொந்தக்காரர்கள் யாராவது "இது யார் பேருங்க, தாத்தா பேரா?" என்று கேட்டால் நான் அந்த இடத்தைவிட்டு நழுவப் பார்ப்பேன். என் கையைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு மாமியார் பதில் சொல்வார்:

"இவன் ஒருவாட்டி செத்துப் பொழச்சவங்க. கொன்னது இவ. எழுப்புனது நானு."